ஆறு டன் பறவையும் எரியாத தீக்குச்சியும்

வாசகரின் கடிதம், சுருக்கமாக

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர் ஒருவர், தன் முதல் அறிவியல் புனைகதை நாவலின் நடுவில் நின்றுபோய் எழுதியிருக்கிறார். கதை நடக்கும் கோளில் ஈர்ப்பு பூமியில் பத்தில் நான்கு பங்கு. காற்றழுத்தம் நான்கு மடங்கு. ஆதிகாலத்தில் தட்டான்கள் பெருத்தது போலத் தன் விலங்குகளும் பெருக்கட்டும் என்று ஆக்சிஜனை 40 விழுக்காடாக வைத்திருக்கிறார். மனிதர்கள் கவசம் எதுவும் இல்லாமல் அங்கே குடியேறி வாழ்கிறார்கள். நான்கு கால், இரண்டு இறக்கை, 6 டன் எடை கொண்ட விலங்கின் மேல் இருவர் ஏறிச் செல்கிறார்கள். அது நின்ற இடத்திலிருந்தே எழும்பும், நெருப்பு உமிழும். மேலே ஹீலியம் நிறைந்த மிதக்கும் திமிங்கிலங்கள் கூட்டமாகப் போகின்றன. அவற்றின் குட்டிகள் நாய் அளவில் வானத்திலேயே பிறக்கின்றன. வானம் பச்சை.

பொறியியல் படித்த நண்பர் ஒருவர் மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டு, "பெரிதாக்கினால் எதுவும் பறக்காது. ஈர்ப்பு குறைந்த கோளில் காற்றே தங்காது. பேசாமல் மந்திர உலகம் என்று மாற்றிவிடு" என்றாராம். நண்பர் சொல்வது சரியா, எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும், இந்த எண்களையெல்லாம் நாவலில் எழுத வேண்டுமா என்பவை வாசகரின் கேள்விகள். பறத்தலின் இயக்கவியலைக் கற்பிக்கும் விமானப் பொறியாளர் பதில் சொல்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

மந்திரம் தேவையில்லை. உங்கள் நண்பர் பூமியின் காற்றை மனத்தில் வைத்துக்கொண்டு வேறொரு கோளின் விலங்கை எடைபோட்டிருக்கிறார். நீங்கள் விலங்கை முதலில் வரைந்துவிட்டு, அது பறப்பதற்குத் தோதாகக் காற்றைக் கூட்டிக் குறைத்திருக்கிறீர்கள். கடிதத்தில் நீங்கள் அடுக்கியிருக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்து வந்தவைதான். விலங்குக்கு ஒரு காற்று, மனிதருக்கு இன்னொரு காற்று, அடுப்புக்கு மூன்றாவது காற்று என்று ஆகிவிட்டது. முதலில் காற்றை முடிவு செய்யுங்கள். எந்த வாயு, எவ்வளவு அழுத்தம், என்ன வெப்பம் என்று எழுதி வையுங்கள். அதன்பின் அதில் கை வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அந்த ஒரே காற்றுக்குக் கட்டுப்படட்டும்.

காற்று தங்குமா?

ஈர்ப்பு குறைந்தால் காற்றும் மெலியும் என்பது பலரும் நம்புவது. சனியின் நிலவான டைட்டனில் ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் அங்கே தரைமட்டக் காற்றழுத்தம் நம்முடையதைப் போல் ஒன்றரை மடங்கு, அடர்த்தி நான்கு மடங்குக்கும் மேல். 2005 ஜனவரியில் ஹைகன்ஸ் கலம் பாராசூட்டில் அந்தத் தரையைத் தொட ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் பிடித்தது. வெள்ளியின் ஈர்ப்பு பூமியைவிடச் சற்றே குறைவு, காற்றழுத்தமோ 90 மடங்குக்கு மேல். ஈர்ப்பை மட்டும் பார்த்துக் காற்றைச் சொல்லிவிட முடியாது.

நண்பர் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். டைட்டனின் காற்று தப்பாமல் இருக்கக் குளிர் பெரிய காரணம். அங்கே மைனஸ் 179 டிகிரி. உங்கள் கோள் மனிதர் வாழும் அளவுக்கு இதமானது, ஈர்ப்போ ஏறத்தாழ செவ்வாயினுடையது. செவ்வாய் தன் காற்றில் பெரும்பகுதியை விண்வெளிக்கு இழந்துவிட்டது. ஆகவே கதையில் ஒரு காரணம் வேண்டும். கோள் இளையது, எரிமலைகள் இன்னும் வாயுவைக் கக்குகின்றன, அதன் சூரியன் அடக்கமானது என்று ஓரிடத்தில் ஒரு வரி இருந்தால் போதும். வாசகர் அதற்கு மேல் கேட்கமாட்டார்.

இந்தக் காற்றில் உங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒன்று உண்டு. நான்கு மடங்கு அழுத்தத்தைப் பத்தில் நான்கு பங்கு ஈர்ப்பில் தர, ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின் மேலும் சுமார் 100 டன் காற்று நிற்க வேண்டும். பூமியில் அது 10 டன். ஈர்ப்பு தளர்ந்திருப்பதால் அந்தக் காற்று வெகு உயரம் வரை பரவியும் நிற்கும். பூமியில் ஐந்தரை கிலோமீட்டர் ஏறினால் அழுத்தம் பாதியாகிறது. உங்கள் கோளில் அதற்குச் சுமார் 14 கிலோமீட்டர் ஏற வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் மலைக்கணவாயில் காற்று மெலிந்து விலங்குக்கு மூச்சிரைக்கும் காட்சி வருகிறது அல்லவா, அதை எடுத்துவிடுங்கள்.

விலங்கின் எடை

நண்பர் சொன்ன விதி இதுதான்: உடலின் எல்லா அளவுகளையும் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும், இறக்கைப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் தாங்க வேண்டிய சுமை கூடுகிறது, அதனால் இன்னும் வேகமாகப் பறந்தாக வேண்டும், அதற்குத் தசையில் இன்னும் வலு வேண்டும். பெரிய உடலின் தசையோ மெதுவாகத்தான் அடிக்கும். விதி உண்மை. ஆனால் அது எந்த எடையில் வந்து மறிக்கும் என்பதைக் காற்றும் ஈர்ப்பும்தான் தீர்மானிக்கின்றன.

பறக்கத் தேவைப்படும் திறனையும் தசை தரக்கூடிய திறனையும் சமன்படுத்திப் பார்த்தால், பறக்கக்கூடிய உச்ச எடை காற்றின் அடர்த்தி கூடக் கூட அதே விகிதத்தில் கூடுகிறது. ஈர்ப்பு குறையும்போது அதன் மும்மடிக்கு ஏற்றாற்போல் எகிறுகிறது. தோராயக் கணக்குதான், ஆனால் கதைக்குப் போதுமானது. பூமியை 1 என்று கொண்டு, உங்கள் கோளின் காற்றடர்த்தி 4, ஈர்ப்பு 0.4 என்று போட்டால் 60 மடங்குக்குச் சற்று மேல் வருகிறது. காற்றைவிட ஈர்ப்புதான் தாராளமாகக் கொடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். எழுத்தாளர்கள் பெரும்பாலும் காற்றைத் தடிப்பாக்குவதிலேயே குறியாக இருக்கிறார்கள்.

இன்று பறக்கும் பறவைகளில் மிக எடையானவற்றில் ஒன்று ஆப்பிரிக்காவின் கோரி கானமயில். பெரிய ஆண் பறவை 18 கிலோ வரை போகும். அதை 60ஆல் பெருக்கினால் ஒரு டன்னைத் தாண்டுகிறது. சுமார் 6.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கெட்சால்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வன இறக்கை விரித்தால் 10 மீட்டர், எடை 200 கிலோவைச் சுற்றி மதிப்பிடப்படுகிறது. அதைப் பெருக்கினால் 12 டன். உங்கள் 6 டன் இரண்டுக்கும் நடுவே விழுகிறது. "எதுவும் பறக்காது" என்பது தவறு என்று நண்பரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் 6 டன்னும் வேண்டும், நின்ற இடத்திலிருந்து எழும்பவும் வேண்டும் என்றால் கணக்கு உதைக்கிறது. பறத்தலில் மிகக் கடினமான நேரம் எழும்பும் அந்தச் சில வினாடிகள்தான். மேலே போன பிறகு வெப்பக்காற்றில் ஏறிக்கொண்டால் செலவு அதிகமில்லை. ஆண்டிஸ் காண்டோர் கழுகுகளில் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. பறக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் அவை இறக்கையை அடித்தன; ஒரு பறவை ஒருமுறை கூட அடிக்காமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல், 170 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் போயிருக்கிறது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செங்குத்துப் பாறைகளில் மட்டும் தங்கி, அங்கிருந்து விழுந்து பறக்கும் 6 டன் விலங்கு. அல்லது எங்கும் இறங்கி எங்கும் எழும்பும் ஒரு டன் விலங்கு. நானாக இருந்தால் இரண்டாவதை எடுப்பேன், ஆளைச் சுமந்து இறங்கிய இடத்திலிருந்து மறுபடி எழும்பாத வாகனத்தால் கதைக்குப் பயனில்லை.

முன்னங்கால்களை நீக்கிவிடுங்கள். இரண்டு கால், இரண்டு இறக்கை போதும். பறக்கும் ஊர்வன தரையில் இறக்கைகளையே முன்னங்கால்களாக ஊன்றி நடந்தன, நான்கையும் ஊன்றித்தான் எழும்பின என்ற கருத்துக்கு இன்று நல்ல ஆதரவு இருக்கிறது. உடலிலேயே வலுவான தசை இறக்கையில்தான் இருக்கிறது, அதை வைத்தே தரையை உதைப்பது புத்திசாலித்தனம். கூடுதலாக இரண்டு கால்கள் என்றால் பறக்கும்போது சும்மா தொங்கும் எடை.

இந்த ஒரு டன் விலங்குக்கு 10 மீட்டர் விரிப்பும் 16 சதுர மீட்டர் இறக்கைப் பரப்பும் கொடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விழாமல் பறக்க மணிக்கு 33 கிலோமீட்டர் போதும். அதே உடல் பூமியில் பறக்க 104 கிலோமீட்டர் வேகம் வேண்டும். இது நல்ல செய்தி மட்டும் இல்லை. அடர்ந்த காற்றில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் உங்கள் வீரன் இருக்கும் இடத்திலேயே இறக்கையடித்துக்கொண்டிருப்பான். அந்தக் காற்றே தரையில் நிற்பவரை பூமியில் 80 கிலோமீட்டர் புயல் தள்ளுவது போலத் தள்ளும். பின்னால் துரத்துகிறவர்களை வேகத்தால் வெல்வதற்குப் பதிலாகக் காற்றோட்டத்தைப் படித்து வெல்ல வேண்டியிருக்கும். ஐந்தாம் அத்தியாயத்துத் துரத்தலை அப்படித் திருப்பி எழுதிப் பாருங்களேன்.

ஆக்சிஜன், மயக்கம், நெருப்பு

இங்கேதான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். நான்கு மடங்கு அழுத்தத்தில் 40 விழுக்காடு ஆக்சிஜன் என்றால் நுரையீரலுக்குள் போவது பூமியில் போவதைப் போல் ஏழு, எட்டு மடங்கு. முக்குளிப்பவர்களுக்கு வலிப்பு வரும் என்று எச்சரிக்கப்படும் எல்லை அது. உங்கள் குடியேறிகள் முதல் நாளைத் தாண்டமாட்டார்கள். அவ்வளவு ஆக்சிஜனில் ஈரமான காடும் முதல் மின்னலிலேயே பற்றிக்கொள்ளும்.

பெரிய தட்டான்களின் கதை உண்மைதான். 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெகாநியூரா இறக்கை விரித்தால் 65 சென்டிமீட்டருக்கு மேல். ஆனால் ஆக்சிஜன்தான் அதற்குக் காரணம் என்பது விவாதத்தில் இருக்கும் ஒரு விளக்கம். அது பொருந்தினாலும், உடலெங்கும் நுண்குழாய்கள் வழியே காற்று ஊடுருவும் பூச்சிகளுக்குத்தான் பொருந்தும். நுரையீரலும் இரத்த ஓட்டமும் உள்ள உங்கள் விலங்குக்கு அந்தத் தடை கிடையாது. பறவைகளுடையது போல ஒரே திசையில் காற்று ஓடும் நுரையீரலைக் கொடுத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

ஆக்சிஜனை 5 விழுக்காடாகக் குறைத்து மீதியை நைட்ரஜனாக வையுங்கள். நான்கு மடங்கு அழுத்தத்தில் அது நாம் இப்போது சுவாசிக்கும் அளவுதான். இதிலும் இரண்டு விளைவுகள் வரும், இரண்டுமே உங்களுக்குக் கதை கொடுக்கும்.

ஒன்று, அவ்வளவு நைட்ரஜன் மயக்கம் தரும். கடலுக்கடியில் 35, 40 மீட்டர் ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவர்களுக்குக் குடித்தது போல ஒரு தெளிவின்மை வரும். புதிதாக வந்திறங்குபவரின் தீர்ப்புகளை நம்பக் கூடாது என்று உங்கள் ஊரில் ஒரு வழக்கமே இருக்கலாம். அங்கிருந்து விண்கலத்தின் குறைந்த அழுத்தத்துக்குத் திரும்புவதும் எளிதில்லை. இரத்தத்தில் கரைந்த வாயு குமிழியாகாமல் வெளியேற ஓரிரு நாளாவது அழுத்த அறையில் இருந்தாக வேண்டும். நினைத்தவுடன் தப்பி ஓட முடியாத கோள் அது.

இரண்டு, தீ எரியாது. மனிதர் உயிர் வாழ நுரையீரலில் ஆக்சிஜனின் அளவு போதுமானதாக இருந்தால் போதும். தீக்கு அப்படி இல்லை, கலவையில் அதன் பங்கு எவ்வளவு என்பதுதான் முக்கியம், மீதியுள்ள நைட்ரஜன் வெப்பத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். மீத்தேன் எரிய 12 விழுக்காடு ஆக்சிஜனாவது வேண்டும். விறகும் எண்ணெயும் பற்றாது. தாராளமாக மூச்சுவிடும் மனிதர்கள் ஒரு தீக்குச்சியை ஏற்ற முடியாமல் உட்கார்ந்திருக்கும் உலகம் உங்களுடையது. சமையல், இரும்பு, இரவு வெளிச்சம் எல்லாவற்றுக்கும் வேறு வழி யோசிக்க வேண்டும். நெருப்பு உமிழ்வது போயிற்று. அதற்குப் பதில் பூமியில் உள்ள ஒரு வண்டைப் பாருங்கள்: ஹைட்ரோகுவினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வயிற்றில் ஓர் அறையில் வைத்திருந்து, ஆபத்து வந்தால் நொதிகள் உள்ள இன்னொரு அறைக்குள் தள்ளி வினைபுரியவைத்து, ஏறத்தாழ 100 டிகிரி சூட்டில் பின்புறத்திலிருந்து பீய்ச்சியடிக்கும். தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொண்டு திரிவதால் வெளிக்காற்று எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. உங்கள் விலங்கு அதைப் பெரிய அளவில் செய்யட்டும். நெருப்பைவிட அருவருப்பாகவும் புதிதாகவும் இருக்கும்.

மிதக்கும் திமிங்கிலங்கள்

ஹீலியத்தை எந்த உயிரினமும் உண்டாக்க முடியாது. அது வேறு தனிமங்களோடு சேராத வாயு, யுரேனியம், தோரியம் போன்றவை சிதையும்போது பாறைக்குள் பிறக்கிறது. ஹைட்ரஜன் என்றால் பிரச்சினை இல்லை, கறையானின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் கூட அதை உண்டாக்குகின்றன. மிதவைக்கான வாயுவைத் தானே சுரக்கும் விலங்குக்கு நம் கடலிலேயே ஃபிசாலியா இருக்கிறது, அதன் நீலநிறப் பையில் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கும். ஒரே எச்சரிக்கை: ஹைட்ரஜனுக்கு எரியும் எல்லை ஏறக்குறைய 5 விழுக்காடு ஆக்சிஜன். உங்கள் காற்று அந்த விளிம்பில் நிற்கிறது. இடி மின்னலில் ஒரு திமிங்கிலம் பற்றுமா பற்றாதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

குறைந்த ஈர்ப்பு மிதப்பதற்கு உதவும் என்று எழுதியிருக்கிறீர்கள். உதவாது. ஈர்ப்பு குறைந்தால் திமிங்கிலத்தின் எடை குறைவது போலவே, அதை மேலே தள்ளும் காற்றின் எடையும் அதே அளவு குறையும். இரண்டும் கழிந்துவிடும். அடர்த்திதான் கைகொடுக்கும். உங்கள் காற்றில் ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் நாலரை கிலோவைத் தூக்கும். 20 டன் திமிங்கிலத்துக்கு 20 மீட்டர் விட்டமுள்ள பை வேண்டும்.

குட்டிகள்தான் உண்மையான சிக்கல். பறப்பவற்றுக்குப் பெரிய உடல் சுமை, மிதப்பவற்றுக்குச் சிறிய உடல் சுமை. பையின் தோல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் உருண்டை இரண்டரை கிராமுக்கும் குறைவாகத்தான் தூக்கும், தோலே மூன்று கிராம். அது மிதக்காது. அரை மீட்டர் உருண்டை, அதாவது உங்கள் நாய் அளவுக் குட்டி, தோல் போக 200 கிராம் உடலைத் தாங்கும். எனவே குட்டி என்பது ஒரு பெரிய மெல்லிய பை, அதன் அடியில் கையளவு உயிர். தாயின் பையோடு ஒட்டியே வளர்வதாகவோ, தரையில் புழுவாக வாழ்ந்து பிறகு ஊதிப் பெருப்பதாகவோ எழுதலாம். இரண்டாவது எனக்குப் பிடித்திருக்கிறது, மிதப்பவை எல்லாம் ஒருகாலத்தில் மண்ணில் ஊர்ந்தவை என்றாகும்.

இன்னொரு ஓட்டையை நீங்களும் கேட்கவில்லை, நண்பரும் கவனிக்கவில்லை. அந்தக் காற்றில் மனிதரே பறக்கலாம். 1979 ஜூன் 12 அன்று பிரையன் ஆலன் என்ற மிதிவண்டி வீரர் காசமர் அல்பட்ராஸ் என்ற விமானத்தைக் காலால் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதன் இறக்கை ஏறக்குறைய 30 மீட்டர். அதே விமானம் உங்கள் கோளில் எட்டில் ஒரு பங்கு உழைப்பில் பறக்கும், இறக்கையையும் வெகுவாகக் குறுக்கலாம். பதின்வயதுப் பிள்ளைகள் எல்லாரும் மாலையில் கூரையிலிருந்து குதித்துப் பறக்கும் ஊரில் விலங்கின் மேல் ஏறுவானேன்? பதில் உங்களிடம் இருக்க வேண்டும். சுமைக்காக என்று சொல்லலாம். வாரக்கணக்கான தூரத்துக்காக என்று சொல்லலாம். எதுவும் சொல்லாமல் விட்டால், கூர்மையான வாசகர் முதல் அத்தியாயத்திலேயே பிடித்துவிடுவார்.

விலங்கிலிருந்து தவறி விழுபவர் மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டரில் தரையில் மோதுவார். பூமியில் ஐந்து மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். எலும்பு முறியும், உயிரும் போகலாம். ஆனால் அகலமான ஒரு போர்வையை விரித்துப் பிடித்திருந்தால் பிழைப்பார். ஆகவே சவாரிக்காரர்கள் எல்லாரும் ஏன் அப்படி உடுத்துகிறார்கள் என்பதற்கு உங்களிடம் காரணம் தயார்.

எண்களை நாவலில் போடாதீர்கள். ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள், எழுதும்போது அதற்கு முரணாகப் போகாமல் இருந்தால் போதும். மழையைக் காட்டுங்கள். பூமியில் பெரிய துளி வினாடிக்கு ஒன்பது மீட்டரில் விழுகிறது. உங்கள் கோளில் துளி இன்னும் பெரிதாக இருந்தும் மூன்று, நான்கு மீட்டரில்தான் இறங்கும். அதைப் பார்த்தாலே வாசகருக்குக் காற்று புரிந்துவிடும். இந்த மாதிரிக் காற்றில் பறப்பது எப்படி என்பதை நேரில் பார்க்க நினைத்தால், டைட்டனுக்கு 2028இல் ஏவத் திட்டமிடப்பட்டுள்ள டிராகன்ஃபிளை என்ற சுழலிறக்கைக் கலத்தைப் பற்றிப் படியுங்கள்.

கடைசியாக, பச்சை வானம். தடித்த நைட்ரஜன் காற்று மட்டும் இருந்தால் வானம் வெளிறிய நீலம், தொடுவானத்தில் வெண்மை, அந்தியில் அடர்சிவப்பு. பச்சைக்குக் காற்றில் ஏதாவது மிதக்க வேண்டும். டைட்டனின் ஆரஞ்சு நிறமும் அதன் காற்றிலுள்ள கரிமப் புகைமூட்டத்தால் வந்ததே. உங்கள் காற்றில் பச்சை நிறமியுள்ள நுண்ணுயிர்களை விதைத்துவிடுங்கள். அவ்வளவு சிறிய துகள் விழும் வேகத்தைக் காற்றின் அடர்த்தி அநேகமாக மாற்றுவதில்லை, ஈர்ப்புதான் மாற்றும். உங்கள் கோளில் அவை இரண்டரை மடங்கு மெதுவாகப் படியும், கொஞ்சம் மேலெழும் காற்று இருந்தாலே மாதக்கணக்கில் மேலேயே நிற்கும். திமிங்கிலங்கள் எதைத் தின்று வாழ்கின்றன என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. அவை இந்தப் பச்சையை மேய்வதாக வைத்துக்கொண்டால், கூட்டம் கடந்துபோன வழியில் வானம் சில நாளைக்கு நீலமாகத் தெரியும், வேட்டைக்காரர்கள் அதைப் பார்த்துத் தடம் பிடிப்பார்கள்.